இரண்டாவது தடம் பிறந்த கதை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் வருகிறவர் பெரம்பலூரைப் பார்ப்பார், அரியலூரைப் பார்க்கமாட்டார். ரயிலில் வருகிறவர் அரியலூரைப் பார்ப்பார், பெரம்பலூரைப் பார்க்கமாட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்தான். 1995-இல் மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கு ரயில் நிலையம் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி மட்டும் வந்துவிட்டுப் போகிறது. அரியலூருக்கு ரயில் உண்டு, சென்னை நெடுஞ்சாலை இல்லை. சாலையும் தண்டவாளமும் ஒரே ஊர் வழியாகப் போயிருந்தால் எவ்வளவு வசதி என்று அங்கலாய்க்காதவர் எங்கள் பக்கம் குறைவு.

இதே வரைபடத்தைத் தொலைத்தொடர்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே சாலை ஒரு பக்கமாகத் தொழுதூர், பெரம்பலூர், பாடாலூர் என்று போகிறது. தண்டவாளம் இன்னொரு பக்கமாக விருத்தாசலம், அரியலூர், லால்குடி என்று போகிறது. இரண்டும் திருச்சியில் சேர்ந்துவிடுகின்றன. சாலையோரம் ஒரு ஃபைபர், தண்டவாளத்தோரம் ஒரு ஃபைபர் என்று போட்டால் அதற்கு அவர்கள் பாஷையில் ‘ரிங்’ என்று பேர். பாடாலூர் பக்கம் ஒன்று அறுந்தால், அதில் போன பேச்சும் படமும் பணப் பரிமாற்றமும் அரியலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஒழுங்காகக் கட்டிய ரிங்கில் இந்தத் தாவலுக்கு ஐம்பது மில்லி செகண்டுக்கு மேல் ஆகக் கூடாது என்பது கணக்கு. யூடியூபில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் படம் நிற்காது.

ஒரு தடம் போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பது இன்று பாலிடெக்னிக் மாணவருக்குக்கூடத் தெரிந்த பாடம். ஆனால் யாரும் மேசையில் உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடித்துவிடவில்லை. அடி வாங்கித்தான் இது பிறந்தது. இந்த மண்ணில் முதல் அடியைக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள்.

இந்தியாவுக்குத் தந்தியைக் கொண்டுவந்தவர் ஒரு டாக்டர். வில்லியம் புரூக் ஓஷானசி, அயர்லாந்துக்காரர். காலரா நோயாளியின் ரத்தத்தில் நீரும் உப்பும் வற்றிப்போவதைச் சோதித்துச் சொன்னவர். கஞ்சாவின் மருந்துக் குணத்தை ஐரோப்பிய மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த இந்த மனிதர், 1839-இல் இருபது மைலுக்கும் அதிகமான கம்பியைக் கட்டி மின்தந்தி அனுப்பிக் காட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு மறந்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான் காரியம் சூடு பிடித்தது. 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் நடுவே தந்தி ஓடியது. 1853 கடைசியில் பெரிய தடத்தின் வேலை ஆரம்பமானது; 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் செய்தி போனது; 1855 பிப்ரவரி 1 முதல் காசு கொடுத்தால் பொதுமக்களும் தந்தி அடிக்கலாம் என்றானது.

ஐரோப்பாவில் மெல்லிய கம்பி போதுமாயிருந்தது. இங்கே ஓஷானசி தடித்த இரும்புக் கோலைப் பயன்படுத்தினார். குரங்கு தொங்கும், பறவைகள் கூட்டமாக வந்து உட்காரும், கம்பத்தைக் கரையான் அரிக்கும், ஆடி மாதக் காற்று ஆட்டி எடுக்கும். அத்தனைக்கும் தாங்குகிற மாதிரி கட்டினார். மனிதன் கோடாலியோடு வருவான் என்று மட்டும் அவர் கணக்குப் போடவில்லை.

கோளாறு வரைபடத்தில் இருந்தது. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வரும் தந்தி நேராகக் கடற்கரையோரமாக வரவில்லை. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பேராறுகள் குறுக்கிடும் கிழக்குக் கரையை முதல் சுற்றில் ஒதுக்கிவிட்டார்கள். அதனால் செய்தி கல்கத்தாவிலிருந்து வடமேற்கே ஆக்ரா வரை போய், அங்கிருந்து பம்பாய்க்கு இறங்கி, பெங்களூர் வந்து, பிறகு சென்னைக்கு வந்து சேரும். டெல்லி, அம்பாலா, லாகூர் பக்கம் போகும் கம்பியும் ஆக்ராவிலிருந்துதான் கிளம்பியது. ஆக, ஒரு துணைக்கண்டத்தின் பேச்சு மொத்தமும் ஆக்ரா என்ற ஒற்றை முடிச்சில் தொங்கியது. கான்பூர் பக்கம் நாலு கம்பத்தைச் சாய்த்தால் கல்கத்தாவுக்கு பம்பாயும் கிடையாது, சென்னையும் கிடையாது.

1857 மே 10 ஞாயிற்றுக்கிழமை மீரட்டில் சிப்பாய்கள் கிளம்பினார்கள். அன்றே மீரட்டுக்கும் டெல்லிக்கும் நடுவே கம்பி அறுந்துவிட்டது. டெல்லித் தந்தி அலுவலகம் காஷ்மீர் வாசலுக்கு வெளியே ஒரு பங்களாவில் இருந்தது. மறுநாள் காலை, அலுவலகப் பொறுப்பாளர் சார்லஸ் டாட் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினார். இன்றைய லைன்மேன் செய்கிற வேலைதான். அவர் திரும்பி வரவில்லை, வழியிலேயே கொல்லப்பட்டார். அலுவலகத்தில் மிச்சமிருந்தவர்கள் பிரெண்டிஷ், பில்கிங்டன் என்ற இரண்டு இளைஞர்கள். மீரட் கம்பிதான் போயிருந்தது. வடக்கே அம்பாலா கம்பிக்கு உயிர் இருந்தது. டெல்லி கைமாறிக்கொண்டிருக்கிறது என்று அம்பாலாவுக்குத் தட்டிவிட்டு இருவரும் ஓடினார்கள். அம்பாலாவிலிருந்து லாகூர், லாகூரிலிருந்து பெஷாவர் என்று செய்தி தாவியது. பஞ்சாபில் இருந்த இந்தியப் படைப்பிரிவுகள் விஷயம் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஆயுதம் பறிக்கப்பட்டு நிராயுதபாணிகளாக நிறுத்தப்பட்டன. அந்த இரண்டு பையன்களின் நினைவாக 1902-இல் டெல்லியில் ஆங்கிலேயர் தூண் எழுப்பினார்கள். இன்றும் நிற்கிறது.

இதே கம்பி சென்னைக்கும் ஒரு காரியம் செய்தது. ஆக்ரா தடம் முழுசாக அறுபடுவதற்கு முன், மே மாதத்திலேயே, படை அனுப்பச் சொல்லி கல்கத்தா சென்னையைக் கேட்டுக்கொண்டது. இங்கிருந்து கர்னல் நீல் தலைமையில் மெட்ராஸ் ஃபியூசிலியர் படை கப்பலேறி, மே 23-இல் கல்கத்தா போய் இறங்கியது. பிறகு காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் செய்த அட்டூழியத்தை வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். லக்னோ சண்டையில் அவர் செத்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதை அகற்றச் சொல்லி 1927-இல் நடந்த சத்தியாகிரகத்தில் தமிழ் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறை போனார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. சில வாரம் முன்னதாகக் கம்பி அறுந்திருந்தால் நீல் எப்போது கல்கத்தா போயிருப்பார், அலகாபாத்தில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தொலைத்தொடர்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கம்பியை அறுத்தவனைக் கெட்டவனாகவும், ஒட்டினவனை நல்லவனாகவும் எழுதிவிடுகிறார்கள். இந்த நாட்டில் அப்படி எழுத வராது. 1942 ஆகஸ்டிலும் நாடு நெடுகத் தந்திக் கம்பியை அறுத்தவர்கள் தேசபக்தர்கள்தாம். அதற்காகக் கிராமம் கிராமமாகக் கூட்டு அபராதம் போட்டது அரசாங்கம்.

ஜூன் முதல் வாரத்தில் கான்பூர் எழுந்தது. கங்கைச் சமவெளியில் தந்தி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் போனது. வெறுமனே அறுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. இரும்புக் கோலைத் துண்டு துண்டாக வெட்டித் துப்பாக்கிக்குக் குண்டாக்கினார்கள். கம்பத்தின் அடியில் பதித்திருந்த வார்ப்பிரும்புக் குழல்களைச் சிறு பீரங்கியாக்கிச் சுட்டுப் பார்த்தார்கள். எதிரியின் பேச்சுக் கருவியே ஆயுதக் கிடங்காகிவிட்டது.

ஒட்டும் வேலை பாட்ரிக் ஸ்டூவர்ட் என்ற எஞ்சினீயர் அதிகாரியின் தலையில் விழுந்தது. வயது இருபத்தைந்துதான். பழைய தடத்தைப் பழையபடி கட்ட அவருக்கு நேரமும் இல்லை, சாமானும் இல்லை. கிடைத்த மூங்கில், கிடைத்த மரக்கிளை, கிடைத்த கம்பி. 1858 மார்ச்சில் பிரிட்டிஷ் தளபதி காலின் கேம்பெல் லக்னோவை நோக்கிப் படையோடு நகர்ந்தபோது, ஸ்டூவர்ட்டின் ஆட்கள் பின்னாலேயே கம்பியை இழுத்துக்கொண்டு போனார்கள். படை முகாம் போட்ட இடத்துக்குத் தந்தி வந்து சேர்ந்தது. அறுந்த இடம் வரை போய், அங்கே தற்காலிகமாக ஒன்றைக் கட்டி முதலில் பேச்சை உயிர்ப்பித்துவிட்டு, நிதானமாக நிரந்தரத்தைக் கட்டுவது என்ற முறையை இன்று புயலுக்குப் பிறகு கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் சக்கரம் வைத்த டவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்களும் மாற்றவில்லை.

ஆனால் ஒட்டினதைவிடப் பெரிய காரியம் வேறொரு மூலையில் நடந்தது. முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய கிழக்குக் கரை இப்போது அவசரமானது. ஆக்ரா பக்கம் திரும்பவும் தீப்பிடித்தாலும் கல்கத்தாவும் சென்னையும் பேசிக்கொள்ள வேண்டும். கட்டக் வழியாக, ஆறுகளைத் தாண்டி, கடற்கரையோரமாகக் கம்பி இழுக்கப்பட்டு 1858-இல் வேலை முடிந்தது. ஆற்றைக் கடப்பது கஷ்டம், செலவு கட்டாது என்று சொன்ன அதே கைகள்தான் கையெழுத்துப் போட்டன. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை, மறுபடி கல்கத்தா என்று வட்டம் மூடிக்கொண்டது. நான் பார்த்தவரையில் இந்தியாவின் முதல் ‘ரிங்’ இதுதான். ஆளப்படுகிறவர்கள் மறுபடியும் எழுந்தால் அடக்குவதற்காகக் கட்டியது. பிறந்த சாதகம் அப்படி, அதை மறைப்பதற்கில்லை.

ஒருமுறை ருசி கண்டவர்கள் விடவில்லை. மீரட் செய்தி லண்டன் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வெட்கத்தில் செங்கடல் வழியாக அவசர அவசரமாகக் கேபிள் போட்டு, 1860-க்குள் எட்டு லட்சம் பவுண்டைக் கடலில் கரைத்தார்கள். பிறகு பாரசீக வளைகுடா வழியாக ஒன்று. அதற்கும் நம் ஸ்டூவர்ட்தான் தலைமை. வேலை முடிந்த கையோடு 1865 ஜனவரியில் கான்ஸ்டான்டினோபிளில் செத்துப்போனார். 1870-இல் டெஹ்ரான் வழியாக சீமென்ஸ் கம்பெனியின் தரைத்தடம் ஒன்று, ஏடன் வழியாக பம்பாய்க்குக் கடல்தடம் ஒன்று. அடுத்து சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கேபிள். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒற்றைக் கம்பி மூன்று நான்காகப் பெருகிவிட்டது. 1911-இல் பிரிட்டிஷ் பாதுகாப்புக் குழு ஒன்று உட்கார்ந்து கணக்குப் போட்டது: பிரிட்டனை உலகத்திலிருந்து துண்டிக்க எதிரி எத்தனை கேபிளை அறுக்க வேண்டும்? நாற்பத்தொன்பது என்று விடை வந்தது. நிம்மதியாகத் தூங்கினார்கள். 1914 ஆகஸ்டில் போர் மூண்ட மறுநாள் விடிவதற்குள் அவர்கள் கப்பல் ஜெர்மனியின் கடலடிக் கேபிள்களை அறுத்துவிட்டது. ஜெர்மனியிடம் நாற்பத்தொன்பது இல்லை.

அந்தப் போரில் ஜெர்மனியின் எம்டன் கப்பலைச் சொல்லாமல் தமிழில் யாரும் எழுதமாட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே எம்டன், நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளில் இருந்த கேபிள் நிலையத்தை அழிக்கப் போனது. ஐம்பது பேர் இறங்கினார்கள். நிலையத்து ஊழியர்கள் எதிர்க்கவில்லை. எதிரி வருவதற்குள் கம்பியில்லாத் தந்தியில் ‘அந்நியக் கப்பல் வந்திருக்கிறது’ என்று கூவிவிட்டார்கள், அதுபோதும். கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள்; ஜெர்மன்காரர்களும் அப்படியே செய்தார்கள். யுத்தத்திலும் அந்தக் காலத்து மரியாதை! கருவிகளை உடைத்தார்கள், கேபிளை இழுத்துவைத்து அறுத்தார்கள். கூவலைக் கேட்டு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ எம்டனைச் சிதைத்தது. ஊழியர்கள் முன்கூட்டியே ஒளித்துவைத்திருந்த உபரிக் கருவிகளை எடுத்து மாட்டி, சீக்கிரத்திலேயே மறுபடி பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது தடம் மட்டும் போதாது, இரண்டாவது கருவியும் வேண்டும், அது எதிரியின் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தீவு சொல்லிக்கொடுத்தது.

இதுவரை எல்லாம் அனுபவம். இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பால் பாரன். போலந்தில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா போனவர். 1959-இல் கலிஃபோர்னியாவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். ரஷ்யா அணுகுண்டு போட்டால் தொலைபேசி வலை எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி. அன்றைய அமெரிக்கத் தொலைபேசி வலை பழைய ஆக்ரா முடிச்சின் பெரிய பதிப்பு: சில பெரிய இணைப்பகங்களில் எல்லாம் வந்து குவிந்தன. குண்டுகூட வேண்டாம் என்பதை 1961 மே மாதம் இரண்டு ஆசாமிகள் நிரூபித்தார்கள். பாலைவனத்தில் இருந்த மூன்று மைக்ரோவேவ் கோபுரங்களை வெடிவைத்துச் சாய்த்தார்கள்.

பாரன் மூன்று படம் போட்டார். ஒன்றில் எல்லா இழையும் ஒரே நடுப்புள்ளியில். இன்னொன்றில் சில புள்ளிகளில். மூன்றாவது மீன்வலை: ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகளோடு மட்டும் சேரும், தலைமை முடிச்சு என்று எதுவும் இருக்காது. கணினியில் போட்டுப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியம். ஒவ்வொரு முடிச்சுக்கும் தேவையைப்போல மூன்று, நான்கு மடங்கு இணைப்பு இருந்தாலே போதும். பாதி முடிச்சுகள் அழிந்தாலும் மிஞ்சியவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும். செய்தியை 1024 பிட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் அந்தந்த நேரத்தில் எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியாகப் போகட்டும் என்றார். 1964-இல் பதினொரு தொகுதிகளாக வெளியிட்டார். தொலைபேசி வலையை நடத்திய ஏடி அண்ட் டி நிறுவனம் இது நடக்காத காரியம் என்று தட்டிக்கழித்தது. அதே யோசனையை பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் தனியாகக் கண்டுபிடித்து, துண்டுக்கு ‘பாக்கெட்’ என்று பேரும் வைத்தார். 1969 அக்டோபர் 29-இல் அமெரிக்காவில் ஆர்பாநெட் என்ற கணினி வலை ஓடியது. ஆர்பாநெட் அணுகுண்டுக்குப் பயந்து கட்டியது என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். கட்டியவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். கணினிகளைப் பகிர்ந்துகொள்ளத்தான் கட்டினார்கள். அணுகுண்டுக் கவலை பாரனுடையது, அவருடைய யோசனைதான் அங்கே போய்ச் சேர்ந்தது.

இத்தனை பாடமும் படித்த உலகத்தில் 2023 டிசம்பர் 12 காலை உக்ரைனில் என்ன நடந்தது? அந்த நாட்டின் மிகப் பெரிய செல்போன் நிறுவனம் கியிவ்ஸ்டார். 2.4 கோடி வாடிக்கையாளர்கள். எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் செத்தது. டவர் விழவில்லை, ஃபைபர் அறுபடவில்லை. அதற்கு முந்தைய வருஷம் ரஷ்யத் தாக்குதல் தொடங்கியதும், 2022 மார்ச்சிலேயே, அந்த நாட்டின் மூன்று செல்போன் நிறுவனங்களும் சேர்ந்து உள்நாட்டு ரோமிங்கைத் திறந்துவிட்டிருந்தன: உன் நிறுவனத்தின் டவர் குண்டில் போனால் அடுத்த நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொள். அருமையான ஏற்பாடு, ஆயிரக்கணக்கான உயிரைக் காத்திருக்கும். ஆனால் இந்த முறை அடி விழுந்தது மூளையில். மாதக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்த ஹேக்கர்கள் ஆயிரக்கணக்கான சர்வர்களையும் கணினிகளையும் துடைத்து அழித்துவிட்டார்கள் என்று உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு உளவு அமைப்பு பிறகு சொன்னது. இந்த எண் எங்கள் வாடிக்கையாளருடையதுதான் என்று சொல்ல வேண்டிய பதிவேடே எட்டவில்லை என்றால் அடுத்தவர் டவர் எப்படி உள்ளே விடும்? ரோமிங் பயன்படவில்லை. சில ஊர்களில் வான்தாக்குதல் அபாயச் சங்கு ஊதவில்லை. லிவிவ் நகரில் தெருவிளக்கை அணைக்கும் கட்டளையும் இந்த நிறுவனத்தின் சிம் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பகலில் எரிந்த விளக்கை ஊழியர்கள் நேரில் போய் அணைத்தார்கள். மக்கள் வேறு சிம் வாங்க வரிசையில் நின்றார்கள்.

ஒட்டுகிற வேலை இங்கே ஃபைபர் ஜாயின்ட் அடிக்கிற வேலையாக இல்லை. எந்தக் கணினியில் இன்னும் எதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துப் பார்த்து, சுத்தமான நகலிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் பேச்சு, பிறகு இணையம், பிறகு மற்றவை. டிசம்பர் 20-இல் எல்லாச் சேவையும் திரும்பிவிட்டதாக அறிவித்தார்கள். எட்டு நாளில் எழுந்தது பெரிய சாதனைதான். எழ முடிந்ததற்குக் காரணம், கடைசி நகல் எதிரியின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். கோகோஸ் தீவில் ஒளித்துவைத்த உபரிக் கருவிக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

எல்லாவற்றையும்விட நமக்குக் கிட்டத்தில் நடந்தது இலங்கையில். வன்னியில் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 1990 ஜூலைச் சண்டையில் அழிந்தது. போர் முடிந்து, 2011 ஜூனில்தான் அதே இடத்தில் நூற்றெழுபது மீட்டருக்கும் அதிக உயரத்தில் புதுக் கோபுரம் எழுந்தது. நடுவே இருபத்தொரு வருஷம். கியிவ்ஸ்டாருக்கு எட்டு நாள், கொக்காவிலுக்கு இருபத்தொரு வருஷம். எஞ்சினீயரிங் திறமையால் வந்த வித்தியாசம் இல்லை இது. எந்த அரசு யாருடைய பேச்சை அவசரம் என்று நினைக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

இந்தக் கதையின் இன்னொரு பிள்ளையையும் சொல்லிவிட வேண்டும். தந்தியின் ருசி கண்ட அரசாங்கம் 1885-இல் ஒரு சட்டம் போட்டது. எதிரி அறுத்தால் சமாளிக்க இரண்டாவது தடம் ஏற்கெனவே இருந்தது. தேவைப்பட்டால் தானே அறுக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அறுக்கும் அதிகாரம் பத்திரமாக அதற்குள்ளும் குடியேறிவிட்டது. எத்தனை ரிங் கட்டினாலும் இதற்கு மாற்று வழி கிடையாது.

சரி, நம்மூருக்கு வருவோம். பாதை உடைவது என்றால் என்னவென்று அரியலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1956 நவம்பரில் வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததும், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1987 மார்ச் 15-இல் அதே மருதையாற்றில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்கு வெடி வைத்தது வயதானவர்கள் நினைவில் இருக்கிறது. ரயிலுக்கு அப்போதும் தஞ்சாவூர் வழியாகப் பழைய மெயின் லைன் என்ற இரண்டாவது தடம் இருந்தது.

இன்று எங்கள் மாவட்டங்களின் ஃபைபருக்கு வெடி வைப்பவர் யாருமில்லை. ஜேசிபி போதும். சாலை அகலப்படுத்த, குடிநீர்க் குழாய் பதிக்க, கல்யாண மண்டபத்துக்குக் கழிவுநீர்த் தொட்டி வெட்ட என்று தோண்டிக்கொண்டேயிருக்கிறார்கள். அறுந்ததும் ஒரு வண்டி வரும். முதலில் ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி, அது எத்தனை மீட்டரில் திரும்பி வருகிறது என்று கருவியில் பார்ப்பார்கள். அந்த மீட்டர் கணக்கை வைத்து இடத்தைத் தேடிப் போவார்கள். குழியில் சேறு, மேலே ஒரு குடை, குடைக்குக் கீழே சின்ன மேசை. கேபிளின் கறுப்புத் தோலை உரித்தால் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் நிறமாக இழைகள். நிறத்துக்கு நிறம் ஜோடி சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் தலைமுடி கனம்தான், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நேர்செங்குத்தாக வெட்டி, இரண்டு முனையையும் இயந்திரத்தில் வைத்து மூடினால் ஒரு சின்ன மின்பொறி. கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒன்றாகிவிடும். திரையில் இழப்புக் கணக்கு வரும். அதிகமாயிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி. நாற்பத்தெட்டு இழை என்றால் நாற்பத்தெட்டு தடவை. தூசி பட்டால் கெட்டது, காற்று அடித்தால் கெட்டது. நடுராத்திரியில் மழையில் இந்த வேலையைச் செய்யும் பையன்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தூண் எல்லாம் இவர்களுக்கு யாரும் எழுப்புவதில்லை. மாதச் சம்பளம் நேரத்துக்கு வந்தால் போதும் என்பார்கள்.

எல்லாம் இருந்தும் சில நாள் ஏன் ஊரே சேர்ந்து ‘நெட்வொர்க் இல்லை’ என்று நிற்கிறது? தாளில் இரண்டு தடம் இருக்கும், தரையில் ஒன்றுதான் இருக்கும். தனித்தனிக் குழி தோண்டச் செலவாகும் என்று இரண்டு கேபிளையும் ஒரே பள்ளத்தில் போட்டிருப்பார்கள். ஜேசிபி வாளிக்கு இரண்டும் ஒன்றுதான். கைவசம் வேறு வேறு நிறுவனத்து சிம் இரண்டு வைத்திருப்பவர் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்; இரண்டு நிறுவனமும் ஒரே டவரில் ஆன்டெனா மாட்டியிருக்கலாம், ஒரே ஜெனரேட்டர், ஒரே ஃபைபர். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் வந்தபோது எல்லை மாவட்டங்களில் ஒரு நிறுவனத்தின் டவர் போனால் மற்றது தாங்கும் ரோமிங்கைச் சோதித்து வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு எழுதியது. எல்லையில் செய்கிற சோதனையை எங்கள் மாவட்டங்களிலும் அமைதிக் காலத்திலேயே செய்துவைத்தால் என்ன? ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, 108 ஆம்புலன்ஸ், காவல் கட்டுப்பாட்டு அறை என்று நான்கு இடத்துக்காவது இணைப்பு இரண்டு வேறு சாலை வழியாக வருகிறதா என்று ஒரு அதிகாரி நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இதற்கு மத்திய அரசின் திட்டம் எதுவும் வர வேண்டியதில்லை.

நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. தாறுமாறாகத் தோண்டுவதால் நாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று சொல்லி, 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. எங்கே தோண்டப் போகிறோம் என்று அதில் பதிந்தால், அந்த இடத்துக்குக் கீழே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களும் ஒப்பந்தக்காரர்களும் ஜேசிபி உரிமையாளர்களும் வாளியை மண்ணில் இறக்குவதற்கு முன் அதில் ஒருமுறை பதிந்துவிடுங்கள்.